எண்ணெய் போட்ட கல்

எங்கள் கொல்லையில் கல் அதிகம். காரிமங்கலம் பக்கம் பாதிப் பேருக்கு அதே கதைதான். டிராக்டர் ஓட்டினால் கலப்பையில் கல் மாட்டும். பொறுக்கி வரப்பில் போடுவோம். வெள்ளையாகக் கிடப்பது வெங்கச்சங்கல். அதிலேயே சிலது பளிங்காக இருக்கும். ஆறு பட்டை, கூர்மையான முனை. சிலதுக்குப் புகை பிடித்த நிறம். அபூர்வமாக ஒன்றிரண்டு கத்திரிப்பூ நிறத்தில் வரும்.

தரகர் ஒருவர் வண்டியோடு வருவார். மூட்டைக்கு இவ்வளவு என்று பேசி அள்ளிக்கொண்டு போவார். நல்லது கெட்டது எல்லாம் ஒரே மூட்டை. நான் அஞ்சாவது வரை படித்தவள். எங்கே போகிறது என்று கேட்டதில்லை. ரோட்டுக்குப் போடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

ஒரு தடவை பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் தருமபுரி கடைத்தெருவில் நடந்து வந்தேன். ஒரு மோதிரக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கள் கல் இருந்தது. சந்தேகமே இல்லை. ஒரு பட்டையில் கலப்பைக் கொழு இழுத்த துருக்கோடு. அதை வரப்பில் எடுத்து வைத்ததே நான்தான். இப்போது கீழே பட்டுத்துணி, மேலே விளக்கு.

உள்ளே போனேன். கடைக்காரர் வயசான பாய்.

“இது எங்க வூட்டுக் கல்லுங்க” என்றேன்.

“கல்லுல பேரு எழுதியிருக்குதாம்மா?” என்று சிரித்தார்.

“பேரு இல்லீங்க. கோடு இருக்குது. அந்தப் பக்கம் திருப்பிப் பாருங்க.”

எடுத்துத் திருப்பினார். பார்த்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

“இந்த மாதிரி இன்னும் இருக்குதா?”

“கொல்லை பூரா இருக்குதுங்க.”

அவர் சொல்லித்தான் தெரியும். வருஷம் ஒரு தடவை தருமபுரியில் கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்துக் கல் கண்காட்சி போடுகிறார்கள். ஜெய்ப்பூர், ஹைதராபாத், காங்கேயம் என்று எங்கிருந்தெல்லாமோ கல் வியாபாரிகள் வருகிறார்கள். ஆளுக்கு ஒரு டேபிள். அதை நடத்துகிறவர்களில் இந்த பாயும் ஒருவர்.

“எனக்கு ஒரு டேபிள் குடுங்க” என்றேன்.

“பழைய ஆளுங்களுக்கே எடம் பத்தலம்மா. பார்ப்போம்.”

பார்ப்போம் என்றால் இல்லை என்று அர்த்தம். எனக்கும் தெரியும். ஆனாலும் அதற்கப்புறம் தருமபுரி போகும்போதெல்லாம் அந்தக் கடை வாசலில் நின்றேன். வெண்டைக்காய் விற்கப் போனாலும் நின்றேன், கல்யாணத்துக்குப் போனாலும் நின்றேன். கடைசியில் அவரே கையெடுத்துக் கும்பிட்டார்.

“அம்மா, டேபிள் தர்றேன். வாசல்ல நிக்காதீங்க. கடன்காரி வந்துட்டான்னு பக்கத்துக் கடைக்காரன் பேசுறான்.”

தரகர் வந்தபோது மூட்டை இல்லை என்று சொன்னேன். விஷயம் அவருக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது.

“யக்கா, அங்க வர்றவனெல்லாம் கரைச்சுக் குடிச்சவன். உங்கள ஒரு நாள் கூட வச்சிருக்க மாட்டான்.”

“சரிங்க.”

“அப்புறம் எங்கிட்டதான வருவீங்க. அப்ப நான் சொல்றதுதான் ரேட்டு.”

“பாக்கலாங்க.”

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அவர் சொன்னது சரி. டேபிள் நிலைக்கவில்லை என்றால் இனிமேல் அவர் சொன்னதுதான். வேறு ஆள் எங்கள் பக்கம் வருவதில்லை.

கண்காட்சி ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கியது, மூன்று நாள். மத்தியானம் தொழுகை முடிந்த பிறகுதான் ஜனங்களை உள்ளே விடுவார்கள். கடை போடுகிறவர்கள் காலையிலேயே வந்துவிட வேண்டும். நானும் வீட்டுக்காரரும் குட்டி யானை வண்டி ஒன்று பிடித்து மூட்டையோடு போய் இறங்கினோம்.

என் வீட்டுக்காரர் கிரானைட் பட்டறையில் பாலிஷ் போடுகிறவர். கல் என்றால் அவருக்குக் கதவு அகலத்துக்கு இருக்க வேண்டும். நான் பொறுக்கியதைப் பார்த்து, “இத வச்சி ஒரு படிக்கட்டு கூட போட முடியாது” என்பார். ஆனால் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். சலவைச் சட்டை வேறு.

மண்டபத்துக்குள் ஒரே சத்தம். டேபிளை இழுக்கிறார்கள். ஏணி மேல் ஏறி விளக்கு மாட்டுகிறார்கள். ஒயருக்குச் சண்டை. பூட்டுப் போட்ட தகரப் பெட்டிகள் வரிசையாக வருகின்றன. பெட்டியைத் திறந்தால் பஞ்சு, பஞ்சுக்குள் கல். கறுப்பு வெல்வெட் விரிக்கிறார்கள். விளக்கை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, தூரப் போய் நின்று பார்த்துவிட்டு மறுபடி வந்து திருப்புகிறார்கள். இந்தியும் தெலுங்கும் காதில் விழுகிறது. யாரும் யாரையும் பார்க்காத மாதிரி இருந்தது.

எனக்குக் கொடுத்த டேபிள் பின்கதவு ஓரம், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில். எங்களிடம் வெல்வெட் இல்லை. வெளுத்த வேட்டி ஒன்றை விரித்தேன்.

பக்கத்து டேபிள் காங்கேயத்து அம்மா. நிலாக்கல் விற்கிறவர். என்னைவிட மூத்தவர், நல்ல உடம்பு, வாய் ஓயாது.

“ஏங்கண்ணு, கல்லுக்கு வேட்டி கட்டி உட்டிருக்கறயே, பொண்ணு எங்க?” என்றார்.

“கறுப்புத் துணி இல்லீங்க.”

“இருக்கட்டும் இருக்கட்டும். மாப்பிள்ளை களையாத்தான் இருக்கறாரு.”

அவர்தான் விவரம் சொன்னார். ஜனங்கள் வந்து வாங்குவது கொஞ்சம்தானாம். கதவு திறப்பதற்கு முன்னால், கடை போட்டுக்கொண்டு இருக்கும்போதே, வியாபாரிகள் ஒருத்தர் டேபிளை ஒருத்தர் சுற்றிப் பார்ப்பார்கள். பெரிய வியாபாரம் அப்போதே முடிந்துவிடும். “யாரும் பாக்காத மாதிரியே இருக்கும் கண்ணு. எல்லாக் கண்ணும் உம்மேலதான் இருக்குது” என்றார்.

நான் மூட்டையை அவிழ்த்தேன். பேப்பரைப் பிரித்தேன். கல் மின்னியது. நான் கட்டி வைத்தபோது அப்படி இல்லை. இன்னொன்றைப் பிரித்தேன். அதுவும் மின்னியது. வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

“எப்படி இருக்குது?”

“என்ன பண்ணுனீங்க?”

“நேத்து நீ மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனப்ப எல்லாத்தையும் பிரிச்சி எண்ணெய் போட்டு வச்சேன். பட்டறைல பார்ட்டி வர்றாங்கன்னா ஸ்லாப்பு மேல எண்ணெய் ஓட்டுவோம். அப்பதான் கறுப்பு கறுப்பா நிக்கும். அங்க வேஸ்ட் ஆயிலு. உன் கல்லுன்னு தேங்காயெண்ணெய் போட்டிருக்கேன்.”

எனக்கும் அதில் தப்பு தெரியவில்லை. நன்றாகத்தான் இருந்தது. பெரிய புகைக்கல் ஒன்று, கையளவு நீளம், அதை நடுவில் வைத்தேன். உள்ளே இருந்த மங்கல் எல்லாம் போய்த் தெளிவாக இருந்தது. சுற்றிச் சின்னதுகளை வைத்தேன். வீட்டுக்காரர் சிலுவை போட்டுக்கொண்டார். நானும் போட்டேன்.

ஜெய்ப்பூர்க்காரர் ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள். பேசவில்லை. புகைக்கல்லை எடுத்தார். விளக்குக்கு நேராகப் பிடித்தார். கட்டை விரலால் தேய்த்தார். விரலை மூக்கில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து டிஷ்யூ பேப்பர் எடுத்து ஒரு துடை துடைத்தார். பேப்பரை விரித்து என் டேபிள் மேல், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார். கல்லையும் வைத்தார். போய்விட்டார்.

பேப்பரில் எண்ணெய் திட்டாகத் தெரிந்தது.

ஹைதராபாத்துக்காரர் இருவர் எங்கள் பக்கம் வந்துகொண்டு இருந்தார்கள். பேப்பரைப் பார்த்தார்கள். திரும்பிவிட்டார்கள்.

காங்கேயத்து அம்மா எழுந்து வந்தார். இப்போது சிரிப்பு இல்லை.

“எண்ணெய் போட்டியா சாமி?”

“ஆமாங்க. பளபளப்புக்கு.”

“அட கடவுளே. விரிசல மறைக்கறவன்தான் எண்ணெய் போடுவான். எண்ணெய் உள்ள எறங்குனா விரிசல் கண்ணுக்குத் தெரியாது. வாங்கிட்டுப் போனவன் வூட்டுல காஞ்சதும் தெரியும். எண்ணெய்க்காரின்னு ஒருக்கா பேரு வந்துருச்சுன்னா ஒருத்தன் தொடமாட்டான். இந்த ஊருல மட்டுமில்ல, எந்த ஊருலயும்.”

“நாந்தாங்க பூசுனேன்” என்றார் வீட்டுக்காரர். “கிரானைட்டுக்கு அதான் மரியாதை.”

“இது கிரானைட்டு இல்லீங்க தம்பி.”

பாய் வந்துவிட்டார். அவர் காதுக்கு அதற்குள் போய்விட்டது. டிஷ்யூவை எடுத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

“என்னம்மா இது. எம் பேச்ச நம்பித்தான் எடம் குடுத்தாங்க. மூட்டையக் கட்டிருங்க. கோவிச்சுக்காதீங்க. வேற வருஷம் பாக்கலாம்.”

“தெரியாமப் போட்டதுங்க. கழுவிட்டு வைக்கிறேன்.”

“கழுவுனா மேல போவும். உள்ள போனது?”

“அதையும் எடுக்கிறேன்.”

“எப்படி எடுப்பீங்க?”

எனக்குத் தெரியாது. “எடுக்கிறேன்” என்றேன்.

பாய் கைக் கடிகாரத்தைப் பார்த்தார். தலையில் தொப்பியை எடுத்து வைத்தார்.

“நான் ஜும்மாவுக்குப் போய்ட்டு வர்றேன். வந்து நானே துடைப்பேன். பேப்பர்ல பொட்டு எண்ணெய் இருந்தாலும் டேபிள மடக்கச் சொல்லிருவேன். அப்புறம் பேசக் கூடாது.”

“பேசமாட்டேங்க.”

அவர் போனதும் தரகர் வந்தார். எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை. அவருக்கும் அங்கே ஒரு டேபிள் இருந்திருக்கிறது.

“யக்கா, எதுக்குக் கஷ்டம். வண்டி வெளியவே நிக்குது. அப்படியே மூட்டையா ஏத்திக்கிறேன். எண்ணெய்க் கல்லு, கொஞ்சம் கம்மியாத்தான் போவும்.”

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் வேட்டியின் நாலு முனையையும் சேர்த்துப் பிடித்தேன். தரகர் கிட்டே வந்தார், தூக்கித்தரத்தான் பிடிக்கிறேன் என்று நினைத்தார் போல.

“கொஞ்சம் வழி விடுங்க. தண்ணிக்குப் போவணும்” என்றேன்.

மண்டபத்துக்குப் பின்னால் சமையல் கூடம். யாரும் இல்லை. பெரிய பெரிய அண்டா கவிழ்ந்து கிடந்தது. காவல்காரர் மனைவி பாத்திரம் தேய்க்கிற சோப்பும் நாரும் கொடுத்தார். வீட்டுக்காரர் அடுப்பைப் பற்ற வைக்கப் போனார். கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் ஒரே தடவையில் போய்விடும் என்றார்.

“வேணாம். கல்லு வெடிச்சிடும். அடுப்புல விழுந்த வெங்கச்சங்கல்லு வெடிச்சதப் பாத்திருக்கேன். வெதுவெதுன்னு போதும்.”

தேய்த்தோம். ஒவ்வொன்றாக. நார் படாத இடத்துக்குப் பல் தேய்க்கிற பிரஷ். அலசி வெயிலில் சிமெண்டுத் தரையில் துணி போட்டு வரிசையாக வைத்தேன். காய்ந்தது. டிஷ்யூவில் துடைத்தேன். சுத்தமாக இருந்தது. வீட்டுக்காரர் ஒரு பெருமூச்சு விட்டார்.

கொஞ்ச நேரம்தான். வெயில் ஏற ஏறக் கல்லுக்கு வேர்த்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும். எங்கெங்கே விரிசல் இருந்ததோ அங்கெல்லாம் மயிர் கனத்துக்கு எண்ணெய் கசிந்து வந்து நின்றது. சுத்தமாக இருந்த கல் சுத்தமாகவே இருந்தது. மற்றதெல்லாம் காட்டிக்கொடுத்துவிட்டது. புகைக்கல்லில் குறுக்கே ஒரு கோடு. ஒரு பக்கம் தொடங்கி மறுபக்கம் வரை.

நான் துடைத்தேன். மறுபடி வந்தது. மறுபடி துடைத்தேன்.

“இது ஆவறதில்ல” என்றார் வீட்டுக்காரர். “என்னாலதான். போலாம் வா.”

“பட்டறைல ஸ்லாப்பு மேல எண்ணெய்க் கறை பட்டா என்ன பண்ணுவீங்க?”

“அது வேற.”

“என்ன பண்ணுவீங்க, சொல்லுங்க.”

“வெள்ளைப் பவுடரு அப்பி வைப்போம். அது உறிஞ்சிக்கும்.”

“இங்க என்ன இருக்குது அப்படி?”

சுற்றிப் பார்த்தார். வாசல் பக்கம் ஓடினார். திரும்பி வரும்போது கையில் கோலமாவு டப்பா. காவல்காரர் மனைவி பின்னாலேயே வந்தார். “நாளைக்குக் கோலம் போடணும், கொஞ்சம் மிச்சம் வைங்க” என்று கத்தினார். வீட்டுக்காரர் அதைக் காதில் வாங்கவில்லை. உட்கார்ந்தார். கசிகிற இடத்தில் மாவை விரலால் அழுத்தி அப்பினார். அவர் விரல் தடித்த விரல். ஆனால் பிசகாமல் கோட்டின் மேலேயே போட்டது. மாவு மஞ்சளாகும். தட்டிவிட்டுப் புதுசு வைப்பார். வெயிலில் வைப்பேன். கசியும். மறுபடி மாவு.

பள்ளிவாசலில் ஓதுகிற சத்தம் வந்தது. அது நிற்பதற்குள் எத்தனை ஆகுமோ அத்தனை என்று கை வேலை செய்தது.

தொழுகை முடிந்து வண்டிகள் திரும்புகிற சத்தம் கேட்டபோது கல்லைப் பிரித்து வைத்தேன். விரிசலே இல்லாதது ஒரு பக்கம். விரிசல் இருந்து எண்ணெய் முழுசாக வற்றியது ஒரு பக்கம். இன்னும் கசிகிறது ஒரு பக்கம். மூன்றாவதுதான் அதிகம். அதில்தான் புகைக்கல்லும் இருந்தது. எங்கள் சரக்கில் அதுதான் சரக்கு. மற்றது எல்லாம் அதற்குச் சுற்றம்.

“அத மட்டும் வை” என்றார் வீட்டுக்காரர். “லேசாத்தான் இருக்குது. விரிசல் பக்கத்தக் கீழ போட்டா தெரியாது. அது இல்லன்னா யாரு திரும்பிப் பாப்பாங்க?”

“வேணாம்.”

“ஏய், சொன்னாக் கேளு.”

“மறைச்சோம்னுதான் போவச் சொல்றாங்க. இப்ப நாமளே மறைச்சா அவங்க சொன்னது நெசமாயிடும்.”

புகைக்கல்லை மாவோடு துணியில் சுற்றி டேபிள் அடியில் வைத்தேன். கசிகிறது எல்லாம் அதோடு போனது. டேபிள் மேல் கொஞ்சம்தான் மிச்சம். வேட்டி பெரிதாகத் தெரிந்தது. விரிசல் உள்ளதை விரிசல் மேலே தெரிகிற மாதிரி வைத்தேன்.

“மாப்பிள்ளை தனியா நிக்கறாரே” என்றார் காங்கேயத்து அம்மா. சொல்லிவிட்டு அவர் டேபிளில் இருந்த விளக்கு ஒன்றைக் கழற்றி என் பக்கம் மாட்டினார்.

பாய் வந்தார். அத்தர் வாசனை அடித்தது. புது டிஷ்யூ எடுத்தார். துடைத்தார். அடுத்ததைத் துடைத்தார். அழுத்தித் துடைத்தார். பேப்பர் வெள்ளையாகவே இருந்தது. குனிந்து டேபிள் அடியைப் பார்த்தார்.

“அது?”

“அது விக்கறதுக்கு இல்லீங்க. இன்னும் வத்தல.”

“பெரிய கல்லு அங்கதான இருக்குது?”

“ஆமாங்க.”

பாய் நிமிர்ந்தார். “சரி, கட போடுங்க” என்றார். போய்விட்டார்.

கடை போடச் சொன்னார். ஆனால் யாரும் வரவில்லை. கதவு திறந்தார்கள், ஜனங்கள் வந்தார்கள், முன்பக்கத்து டேபிள்களில் நின்றார்கள். வியாபாரிகள் சுற்றும் நேரம் முடிந்து போயிருந்தது. எங்கள் பக்கம் வந்தவர்கள் கை கழுவ வந்தவர்கள்தான். காலையில் வைத்த பேப்பரை எல்லோரும் பார்த்திருந்தார்கள். சுத்தமான பேப்பரை ஒருத்தரும் பார்க்கவில்லை.

உட்கார்ந்திருந்தால் ஆகாது என்று தெரிந்தது. ஒரு தட்டில் அஞ்சாறு கல் எடுத்து வைத்தேன். காங்கேயத்து அம்மாவிடம் டிஷ்யூ பாக்கெட் கேட்டு வாங்கினேன். ஜெய்ப்பூர்க்காரர் டேபிளுக்குப் போனேன். அவர் யாருடனோ பேசிக்கொண்டு இருந்தார். முடியட்டும் என்று நின்றேன். பார்த்தார். தட்டை அவர் முன்னால் வைத்தேன். டிஷ்யூவை வைத்தேன்.

“தொடைங்க” என்றேன்.

தமிழ் புரியாது. ஆனால் புரிந்தது. துடைத்தார். மோந்தார். பக்கத்தில் நின்றவர்களும் பார்த்தார்கள். அதற்காகத்தான் அங்கேயே போனேன். ஒரு கல்லைத் தூக்கி, “கிராக்” என்றார்.

“ஆமாம். இருக்குது” என்றேன். இன்னொரு கல்லை எடுத்து அதன் விரிசலையும் நகத்தால் காட்டினேன். மூன்றாவதைக் காட்டி, “இதுல இல்ல” என்று கையை ஆட்டினேன்.

அவர் பேப்பரை மடித்தார். காலையில் வைத்த மாதிரி விரித்து வைக்கவில்லை. தன் பையிலேயே போட்டுக்கொண்டார். தட்டிலிருந்து எதையும் எடுக்கவில்லை. எனக்குச் சப்பென்று ஆனது. தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து எங்கள் டேபிளுக்கு வந்தார். பின்னாலேயே ஹைதராபாத்துக்காரர்களும். கத்திரிப்பூ நிறத்துச் சின்னக் கல் எல்லாவற்றையும் தனக்கென்று ஒதுக்கினார். அப்புறம் கையை விரித்து, நீளம் காட்டி, அது எங்கே என்று கேட்டார். துணியைப் பிரித்துக் காட்டினேன். மாவு மஞ்சளாக இருந்தது. அவரே விரலால் தொட்டுப் பார்த்தார்.

“இப்ப இல்ல” என்றேன். “காஞ்சாத்தான்.”

காங்கேயத்து அம்மா அதை இந்தியில் சொன்னார். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை பூராவும் புகைக்கல் பின்பக்கத்து வெயிலில் கிடந்தது. வீட்டுக்காரர் லீவை நீட்டிக்கொண்டார். கோலமாவு வாங்க ரெண்டு தடவை கடைக்குப் போனார். மாவை மாற்றிக்கொண்டே இருந்தார். ஞாயிறு அன்று பூசைக்குப் போகவில்லை. மாவைத் தட்டினேன். வெள்ளையாக விழுந்தது. துடைத்தேன். வெயிலில் வைத்து மறுபடி துடைத்தேன். ஒன்றும் இல்லை. விரிசல் மட்டும் குறுக்கே பளிச்சென்று தெரிந்தது. முதலில் இருந்ததைவிட நன்றாகவே தெரிந்தது.

டேபிள் நடுவில், விரிசல் மேலே இருக்கும்படி வைத்தேன்.

ஜெய்ப்பூர்க்காரர் வந்தார். அவர் கேட்பதற்கு முன்னாலேயே விரிசலை நகத்தால் தொடக்கத்திலிருந்து கடைசி வரை காட்டினேன். இந்தத் தடவை அவர் துடைக்கவில்லை. விலை பேசினார். காங்கேயத்து அம்மா நடுவில் நின்றார். படிந்தது. அவர் கல்லைப் பஞ்சில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்தார்.

சாயங்காலம் டேபிள்களை மடக்கினார்கள். மீதி இருந்த கல்லை மூட்டை கட்டி வண்டிக்குக் கொண்டு வந்தோம். கேட் பக்கம் தரகர் நின்றுகொண்டு இருந்தார்.

“யக்கா, அந்த மீதியாவது…”

“வூட்டுக்குப் போவுதுங்க” என்றேன்.

வீட்டுக்காரர் மூட்டையை ஏற்றினார். நான் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.